கடுகு தேடிய தாயும் உயிருண்மையும்

தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய ‘ஆசிய ஜோதி’ 1941-இல் வெளிவந்தது. எட்வின் ஆர்னால்டு என்பார் 1879-இல் ஆங்கிலத்தில் யாத்த புத்தர் காவியத்தைத் தழுவியெழுந்தது அந்நூல். அதன்கண் மகனை இழந்த தாயொருத்தியின் வரலாறு கற்பார் நெஞ்சைப் பெரிதும் உருக்குவதாம். திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரானொருவர்பால் தமிழ் கற்ற சைவப் புலவர், உயிரென ஒன்று இல்லையென்னும் சமயத்தின் கதையை இத்துணை உருக்கமாகப் பாடியது வியப்பிற்குரியது. அப்பாட்டு, தன் சாவைத் தான் ஏற்றுக்கொள்ளுதற்கு எவ்வளவு துணையாகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இறந்த மகவைச் சுமந்து வந்து, அதனை எழுப்பித் தருமாறு வேண்டி நின்றாள் தாய். சாவு நிகழாத வீட்டிற் சிறிது கடுகு வாங்கி வருகவென்றார் புத்தர். அவள் வாயில்தோறும் சென்றாள். கடுகு கிடைத்தது; சாவறியாத வீடு கிடைத்திலது. பாலி நூல்கள் கிசாகோதமி எனக் கூறும் அவள், பின்னர்ப் பிக்குணியாயினாள் என்பது அம்மரபு.

இப்பகுதியின் தலையாய சிறப்பு, புத்தர் முற்படத் தத்துவம் யாதொன்றும் பேசாமையேயாம். அழுகின்றாள் முன் நூற்கொள்கை விரியாது அவளை நடக்கவிட்டார். பிறர் வாயினின்றே உண்மையைக் கேட்கச் செய்தார். கவிமணியின் எளிய நடை அதற்கு மிகப் பொருந்துவது. பிணங்கிடக்கும் மனையுட் புகுந்து, உயிர் நித்தப்பொருள் ஆதலின் அழற்க என்று சொல்லிப் போகும் நம்மனோர் இவ்விடத்துக் கற்கவேண்டுவது மிகுதி.

ஆயினும் அக்கதை காட்டுவது சாவின் பொதுமையே. பொதுமையை அறிதல் வேறு. தன் சாவை ஏற்றல் வேறு. ஊரார் அனைவரும் இறப்பர் என ஒப்பும் நெஞ்சு, தன்னை மட்டும் அக்கணக்கிற் சேர்ப்பதில்லை. பிள்ளையை இழந்தார் பலர் என்பதைத் தாய் அறிந்தாள். தான் இறக்குங்கால் யாது செய்வதென்பதை அக்கடுகு உணர்த்திற்றிலது. கவிமணியே 1945-இல் வெளியிட்ட ‘உமர்கய்யாம் பாடல்க’ளோ, நாளைய சாவை இன்றைய இன்பத்தால் மறக்கும் வழியைக் காட்டுவன. மறத்தல் ஏற்றலாகாது என்பது சொல்லவேண்டா.

இனி, கடுகுக் கதையின் உள்ளே ஒரு வினா கிடக்கின்றது. கடுகு தேடிப் புறப்பட்டாள் ஒருத்தி. உண்மை தெரிந்து மீண்டாள் ஒருத்தி. இருவரும் ஒருத்தியோ, வேறோ? நிலைபேறுடைய உயிர் இல்லை, ஐந்து கந்தங்கள் கணந்தோறும் தோன்றிக் கெடும் தொடர்ச்சியே உண்டு என்பது பௌத்தர் துணிபு. அற்றாயின், முதல் வாயிலிற் கேட்ட அறிவு அவ்வாயிலிலேயே கெட்டொழிந்தது; கடைவாயிலிற் கேட்ட அறிவு முன்னவற்றை அறியாது. பல வீடுகளிற் கேட்டவற்றை ஒருங்குவைத்து, எவ்வீட்டும் சாவுண்டெனத் துணிந்தவள் யார்?

முன்னையறிவு தன் வாசனையைப் பின்னையறிவிற்குத் தந்து கெடும். கணந்தோறும் மாறும் சுடர் ஒருசுடர் போலத் தோன்றுமாறு போல என்று அவர் விடை கூறுவர். அவ்விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், சுடர் ஒன்றெனத் தோன்றுவது சுடருக்கன்று, அதனைக் கண்டு நிற்பானுக்கே. தொடர்ச்சியைத் தொடர்ச்சியெனக் காண்பானொருவன் வேண்டும். அவனையே யாம் உயிர் என்கின்றோம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்து நால்வகைப் பௌத்தரையும் மறுக்க நேர்ந்ததன் இன்றியமையாமை இதனாற் புலனாம்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களுள் மூன்றாவதில் உயிருண்மைக்குக் காட்டிய ஏதுக்களுள் ஒன்று, அறிவிக்க அறிதல் என்பது. தானே அறிவது இறை. அறிவித்தும் அறியாதது சடம். இரண்டினும் வேறாய் அறிவிக்க அறிவது உயிர். அழுது சென்று தெளிந்து வந்த தாயே அவ்வேதுவிற்கு எடுத்துக்காட்டாகின்றாள். உயிரை மறுக்கும் சமயத்திற் பிறந்த கதை, தன் நிகழ்ச்சியாலேயே உயிரை நாட்டுகின்றது.

அற்றேல், உயிர் உண்டென்பது சாவதற்கு மனமில்லாதார் கற்பித்துக்கொண்ட ஆறுதலாகாதோ எனின், ஆகாது. என்னை? சித்தாந்தம் கூறும் உயிர் தன்னளவில் மகிழத்தக்கதோர் பொருளன்று ஆகலின். உயிர் அநாதி, அதனைப் பிணித்த ஆணவமும் அநாதி. அழியாமை மட்டுமே கிடைப்பின் அது முடிவில்லாத இருளேயாம். ஆகவே ‘நான் அழியேன்’ என்று செருக்குவார்க்குச் சைவநூல் இடந்தரவில்லை. அது தருவது வேறொன்று.

எம்மூர் வட்டக்கோட்டை பெயரளவில் வட்டம், மதிலமைப்பில் நாற்கோணம். உடம்பை ‘நான்’ என்று வழங்குவதும் அத்தகைய பெயர்மயக்கமே. 1741-இற் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் மார்த்தாண்டவர்மருக்குப் படைத்தலைவரான டிலனாய் இக்கோட்டையைப் புதுக்கினார். 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமாயினார். காத்தவர் போயினும் மதில் நிற்கின்றது. உடம்போ, காவலன் நீங்கின் நில்லாத கோட்டை.

உயிரை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு உவமித்தது நான்காஞ் சூத்திரம். உலாப்போய் மீண்ட மன்னன் பரிவாரத்தை வாயில்தோறும் விட்டு, உள்ளறையில் தனியே புகுவதுபோல, உயிரும் நனவினின்று உறக்கத்துட் செல்லுங்காற் கருவிகளை ஒவ்வொன்றாக விடுகின்றது என விரிப்பது சித்தியார். அப்போது உயிர்ப்பொன்றே காவல் நிற்கும். இதனை நாள்தோறும் அஞ்சாது செய்கின்றோம். கண்ணை விடுகின்றோம், செவியை விடுகின்றோம், ‘நான்’ என்னும் நினைவையும் விடுகின்றோம். உறங்குவான் தன்னைத் தான் எழுப்பிக்கொள்ள வல்லனல்லன். எழுப்புவான் ஒருவன் உளன் என்னும் துணிவை அறியாமலே கொண்டு படுக்கின்றான். சாவில் உயிர்ப்பென்னும் அக்காவலும் விடப்படும், வேற்றுமை அவ்வளவே. இறைவனது அழித்தற்றொழிலை, பிறந்திறந்து எய்த்த உயிர்களை இளைப்பாற்றுதற் பொருட்டென ஆசிரியர் கூறியதும் இக்கருத்தே பற்றியென்க.

இரவல் பெற்ற கருவியை உடையவன் கேட்குங்கால் முணுமுணுப்பின்றித் திருப்பிக் கொடுத்தலே தன் சாவை ஏற்றல். கொடுப்பான் ஒருவனும் கொள்வான் ஒருவனும் இல்வழிக் கொடுத்தலும் இல்லை. கெடுதல் ஒன்றே எஞ்சும். உயிருண்மை சாவிற்கு வேண்டப்படுவது இதன்பொருட்டே. அறுபதைக் கடந்த எம்போல்வார்க்கு இது வாதத்திற்குரிய பொருளன்று. நாள்தோறும் படுக்கைக்கண் பயில்வதற்குரியது.

ஆதலின் ஆசிய ஜோதியின் அப்பகுதியைச் சைவர் கற்றல் தகும். பிறர் துயரோடு தன் துயரை ஒப்பநோக்கும் அருளை அது கற்பிக்கும். அதற்கு மேற்பட்ட விடையைச் சிவஞானபோதத்தின்கண் தேடுக.