ஒளியூட்டிய ஏடா, பொன்னிட்ட ஏடா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இரவுக்கு இருள் குறைவு. மோட்டார்த் தொழிற்சாலைகளின் விளக்குகள் விடியுமட்டும் எரிகின்றன. அங்கே இரவுமுறை வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், மொழிபெயர்ப்பு நூலொன்றை நம்மிடம் நீட்டி, “ஹஸ்ரத், ‘ஒளியூட்டப்பட்ட குர்ஆன் பிரதி’ என்றிருக்கிறதே, கண்ணாடிப் பேழைக்குள் விளக்குப் போட்டு வைத்ததைத்தானே சொல்கிறார்கள்?” என வினவினார்.

இது நகைப்புக்குரியதன்று. பிழை வாசித்தவருடையதல்ல, மொழிபெயர்த்தவருடையது.

ஆங்கிலத்தின் ‘இல்லுமினேட்’ என்னும் வினை, ஒளியைக் குறிக்கும் ‘லூமென்’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. தெருவுக்கு விளக்கிடலும், அரிய பொருளைத் தெளிவுறுத்தலும், ஏட்டைப் பொன்னாலும் வண்ணத்தாலும் அணிசெய்தலும் அவர்களுக்கு அவ்வொரு சொல்லே. முதலிரண்டும் நமக்குப் புதியனவல்ல. தமிழில் ‘விளக்கு’ என்பது தீபமுமாகும், பொருளை விளங்கவைக்கும் வினையுமாகும். மூன்றாவது பொருள் மட்டும் நம் ‘ஒளி’க்கு இல்லை. இல்லாத பொருளை ஏற்றினால் சொல் தாங்காது.

‘மினியேச்சர்’ என்ற சொல்லும் இத்தகையதே. அது ‘மினியம்’ எனும் ஈயச் செந்தூரத்தின் பெயரால் வந்தது. சிறுமை அதன் பிறப்பில் இல்லை. ஆயினும் அவ்வோவியங்கள் சிறியனவாகவே இருப்பதால், ‘சிற்றோவியம்’ என்னும் பெயர்ப்பு எவரையும் வழி தவறச் செய்வதில்லை. ‘ஒளியூட்டிய ஏடு’ தவறச் செய்கிறது.

அரபு மொழி இவ்விடத்தில் தெளிவானது. ‘நூர்’ அடியாக வருவது ‘தன்வீர்’, ஒளிதரல். ‘தஹபு’ என்னும் பொன்னடியாக வருவது ‘தத்ஹீப்’, பொன்னிடல். கி.பி. 987இல் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் இப்னுந் நதீம், முஸ்ஹபுகளுக்குப் பொன்னிட்டோரைத் தனியே பெயர் சுட்டுகிறார். ஹிஜ்ரி 391இல் பக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய முஸ்ஹபு, பொன்னழகு குன்றாமல் இன்றும் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. பொன் ரேக்கைப் பிசினிலோ தேனிலோ இழைத்துத் தூரிகையால் தீட்டி, வழவழப்பான கல்லால் மெருகேற்றும் கைத்தொழில் அது. மின்விளக்குக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தமிழில் சொல் இல்லையா? தஞ்சாவூர் ஓவியர்கள் நாள்தோறும் ‘தங்க ரேக்கு’ என்கிறார்களே! ‘பொன்னிட்ட ஏடு’ என்போம். பொன்னின்றி வண்ணம் மட்டும் உள்ளதை ‘வண்ணமிட்ட ஏடு’ என்போம். இதுவே எமது துணிபு.

இவ்வளவையும் கேட்ட மாணவர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, “எங்கள் நன்னா ஓதிய கிதாபின் முதற் பக்க ஓரத்தில் மஞ்சளாய் ஏதோ மினுங்கும், ஹஸ்ரத். கறை என்றெண்ணி, மற்றப் பழுதான ஏடுகளோடு மண்ணில் அடக்க எடுத்து வைத்திருக்கிறோம்” என்றார்.

பழுதான ஏடுகளைக் கண்ணியமாக அடக்கம் செய்வது நம் வழக்கம், அதில் குறையில்லை. அன்பர்களே, அதற்கு முன் முதற் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெயர் அறியாத பொருளை எவரும் காப்பதில்லை.