கல்லை அகற்றலாமா?

கதை எழுதுகிறவன் சைக்கிளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு விளையாட்டுகளில் பெரிய ஈடுபாடு கிடையாது. சைக்கிளும் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் ஓட்டத் தெரியும். இருந்தாலும், மலைச் சரிவில் சைக்கிள் விட்டு இறங்குகிறவர்களின் படங்களைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க, இது என் தொழிலுக்கு மிக அருகிலுள்ள விஷயம் என்று தோன்றிவிட்டது.

பனிச்சறுக்கு நடக்கும் மலைகளுக்குக் கோடை என்பது ஓய்ந்துபோகும் காலம். பனி உருகிவிடும், ஆளை மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட நாற்காலிகள் சும்மா தொங்கும். அவற்றில் மனிதனோடு சைக்கிளையும் ஏற்றி உச்சிக்கு அனுப்பலானார்கள். கனடாவில் விஸ்லர் மலையில் இதற்கென்றே 1999-இல் ஒரு பூங்கா ஏற்பட்டது. ஏறும் சிரமம் இல்லை. இறங்குவது ஒன்றே வேலை.

அங்கே 'ஏ-லைன்' என்ற பாதை உலகப் பிரசித்தம். இயந்திரம் கொண்டு மண்ணை வெட்டிக் குவித்து, இறுக்கி அமைத்த பாதை அது. வளைவுகளில் வெளிப்புறம் கரை உயர்ந்திருக்கும். சக்கரம் அதில் சாய்ந்து சுகமாகத் திரும்பும். வழி நெடுக மேசை போன்ற மேடுகள். வேகமாக வருகிறவன் ஒரு முனையில் எழும்பி மறுசரிவில் போய் இறங்குவான். வேகம் போதாதவன் நடுவிலுள்ள சமதளத்தில் இறங்குவான். இடையில் பள்ளம் இல்லாததால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். அவரவர் திறமைக்கு ஏற்ற ஆனந்தம். இதைச் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதை நினைவுக்கு வந்தது. எங்கே வாசகன் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முன்கூட்டியே அளந்து வைத்த எழுத்து. அதிலும் திறமை உண்டு. நானே எழுதியிருக்கிறேன்.

மற்றொரு மலை, இத்தாலியில் வால் டி சோலே என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்குள்ள பந்தயப் பாதைக்குக் 'கறுப்புப் பாம்பு' என்று பெயர். காட்டுக்குள்ளே செங்குத்தாக இறங்குகிறது. கல்லும் வேரும் எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் கிடக்கின்றன. ஒத்திகை நாட்களில் நூற்றுக்கணக்கான முறை சக்கரங்கள் ஓடி மண்ணை அரித்துவிடுவதால், காலையில் புதைந்திருந்த கல் மாலையில் தலையை நீட்டும். நேற்றுப் படித்த பக்கத்தை இன்று அப்படியே படிக்க முடியாது. முன்னும் பின்னும் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் வில் அமைப்பு சைக்கிளில் உண்டு. அது அதிர்ச்சியைத் தாங்குமே தவிர, வழியைச் சொல்லாது. வழியை ஓட்டுகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். பயம் மிகும் இடத்திலேதான் பிரேக்கை விட வேண்டியிருக்கிறது. வேரின்மேல் இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். அருகிலுள்ள கல்லைப் பார்த்தால் அதில்தான் போய் மோதுவான். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும்.

2008-இல் இந்தப் பாதையில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் வென்றிருந்த ஆஸ்திரேலியர் சாம் ஹில் இறங்கிய படத்தைப் பல முறை பார்த்துவிட்டேன். மற்றவர்கள் கல்லுக்குப் பயந்து ஒதுங்கிய இடங்களில் அவர் கல்லின் மேலேயே ஒரு வழியைப் பார்க்கிறார். பாதங்களைப் பெடலோடு பிணைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. இடைநேரக் கணக்கில் அவர்தான் முன்னே இருந்தார். மலையின் கடுமையான பகுதிகளெல்லாம் முடிந்து, எல்லைக்கோட்டை நெருங்கும் ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். எழுந்து ஓட்டி மூன்றாவதாக வந்தார். வென்றவர் பிரிட்டனின் ஜீ ஆதர்ட்டன்; இரண்டாவது ஸ்டீவ் பீட்.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆதர்ட்டன் விழாமல் வந்தார்; அதுவும் ஒரு கலைதான். ஆனாலும் இந்த விளையாட்டை விரும்புகிறவர்கள் அந்தப் போட்டியைப் பேசும்போது மூன்றாவதாக வந்தவனின் ஓட்டத்தையே பேசுகிறார்கள். வெற்றியைவிடப் பெரிதான ஒரு தோல்விக்குக் கறுப்புப் பாம்பில் இடம் இருந்தது. ஏ-லைனில் இப்படி ஒன்று நடக்க வழியே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல் பாதை எலும்பை முறிக்கும். முதல் நாளே ஒருவனைக் கறுப்புப் பாம்பில் இறக்கிவிட்டால் அவன் மறுபடி சைக்கிளைத் தொடமாட்டான். செப்பனிட்ட பாதைகள்தாம் ஆயிரக்கணக்கானவர்களை மலைக்கு அழைத்து வந்தன. காமிரா சரிவைத் தட்டையாக்கிக் காட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கல்லைப் புகழ்வது எனக்குச் சுலபம். எல்லாம் வாஸ்தவம். எளிய பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எளிய பாதையில் வந்த கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, கல் பாதையையும் மண் போட்டு நிரவிவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பத்து வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று தொடராக வந்தபோது, தாய் தன் மகனை வீட்டுக்குள் விட மறுக்கும் அத்தியாயம் வாசகர்களை விரட்டிவிடும் என்றார் பத்திரிகாசிரியர். எடுத்துவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் எடுத்தேன். கதை தங்குதடையில்லாமல் ஓடுகிறது என்று பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. அந்தத் தாய் மட்டும், தான் என்ன செய்தாளோ அதைச் செய்யாதவளாகவே புத்தகத்தில் நின்றுவிட்டாள்.

இப்போது மறுபதிப்புக்குக் கேட்டிருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்துவிட்டேன். நாலைந்து வாசகர்கள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கக்கூடும். சேர்த்தே அனுப்பப் போகிறேன்.