எந்தக் கட்டத்தை உடுத்துவது?

ஸ்காட்லாந்தின் பாரம்பரிய மடிப்புப் பாவாடையான கில்ட்டின் அழகை ரசிக்க, துணியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதன் கட்டம் போட்ட துணியான டார்ட்டனில் ஊடும் பாவும் பெரும்பாலும் ஒரே நிற வரிசையில் ஓடுகின்றன. சிவப்பும் பச்சையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் பிறக்கிறது. ஒரு முழு கில்ட்டுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கம்பளித் துணி பிடிக்கும். பெரும்பகுதி பின்பக்க மடிப்புகளுக்கே போய்விடும். தேர்ந்த தையல் கலைஞர், மடித்த பிறகும் கட்டம் பிசகாமல் தொடரும்படி கையாலேயே தைத்துவிடுவார். பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேலை அது.

எந்த டார்ட்டனைத் தேர்ந்தெடுப்பது? தந்தை வழிக் குலத்துடையது என்பார்கள் பலர். தாய் வழியுடையதும் அழகுதான். ஆனால் இந்தக் குலக் கணக்கு அவ்வளவு பழையதல்ல. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்டில் ஆண்களின் பாரம்பரிய உடைக்கு 1746இல் வந்த தடை 1782இல் நீங்கியது. குலத்துக்கொரு டார்ட்டன் என்ற வழக்கம் பரவலாக வேரூன்றியது அதன் பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தது அதற்குப் பெரும் ஊக்கம் தந்தது. ஆகவே, குலப்பெயர் இல்லாதவர் தயங்க வேண்டியதே இல்லை. கரும்பச்சையும் நீலமுமான ‘பிளாக் வாட்ச்’ டார்ட்டன் யாருக்கும் பொருந்தும். வட்டார டார்ட்டன்களும் உண்டு. புதிய வடிவங்களைப் பதிய 2009 முதல் அரசுப் பதிவேடே இருக்கிறது.

இன்று பலர் கில்ட்டைத் திருமணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். கால்பந்து ரசிகர்களோ அணியின் சட்டையோடு சேர்த்து உற்சாகமாக அணிகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இவர்கள்தான். விசேஷத்துக்கென்று பூட்டி வைத்தால் எந்த உடையும் வேஷமாகிவிடும். மனதுக்குப் பிடித்த டார்ட்டனைச் சொந்தமாகத் தைத்து, சாதாரண நாளிலும் உடுத்துங்கள். கில்ட் நீடிக்க அதுவே வழி.