செத்துப்போகாத லேப்டாப்: அரசு மடிக்கணினியில் டெபியன் 12

அனுமந்தன்பட்டியில் பல வீட்டுப் பரண்களில் இன்னமும் அரசு லேப்டாப் கிடக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தவை. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியதுதான் பாஸ். ஆக, இந்த மெஷின்களுக்கு டெபியன் புதிதல்ல. நான் பார்த்தது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணுடையது: 2 ஜிபி ராம், நிற்காத பேட்டரி, சீனியர் ஒருவர் போட்டுக் கொடுத்த டெபியன் 12.

ஆன் செய்தால் கருப்புத் திரை. மேலே வெள்ளை எழுத்தில் "டெபியன் லாகின்:" என்ற ஒரே வரி. "மாமா, லேப்டாப் போயிருச்சா?" என்றாள். போகவில்லை. லாகின் கேட்கிறது என்றாலே கர்னல் ஏறிவிட்டது, டிஸ்க் படிக்கிறது. டெஸ்க்டாப் மட்டும்தான் வரவில்லை. இந்த இடத்தில் பயந்து மறுபடி ஃபார்மட் அடிப்பவர்கள் ஏராளம். யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போனாலே போதும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

"சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்" என்று கேட்டால் "கிராஃபிகல் டார்கெட்" என்று பதில் வந்தது. இதை மட்டும் நம்பக்கூடாது. டெஸ்க்டாப்பே இல்லாத டெபியனும் இதே பதிலைத்தான் சொல்லும். அடுத்து, டெஸ்க்டாப்பின் லாகின் திரையைக் கொண்டுவரும் லைட்டிஎம் இருக்கிறதா என்று பார்க்க "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் லைட்டிஎம்" அடித்ததும், அப்படி ஒரு யூனிட்டே இல்லை என்றது. விஷயம் இதுதான். நெட்இன்ஸ்ட் என்ற சிறிய ஐஎஸ்ஓவில் அடிப்படை சிஸ்டம் மட்டுமே இருக்கும். டெஸ்க்டாப்பை இணையத்திலிருந்துதான் இறக்கும். நெட் இல்லாமல் இன்ஸ்டால் செய்தால் கருப்புத் திரையோடு நின்றுவிடும். பிராட்பேண்ட் இல்லாத வீடுகளுக்கு நெட்இன்ஸ்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். டெஸ்க்டாப்பும் சேர்ந்த டிவிடி-1 ஐஎஸ்ஓ 8 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு முறை இறக்கி வைத்தால் தெருவுக்கே உதவும்.

இந்த மெஷினுக்கு, போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, ரூட்டாக நுழைந்து, "ஐபி லிங்க்" காட்டிய பெயரை "டிஹெச்கிளையன்ட்" கட்டளைக்குக் கொடுத்ததும் நெட் வந்தது. நெட் இல்லாமல் போட்டதால் சோர்சஸ்-லிஸ்ட் ஃபைலில் இணைய மிரர் வரியும் இல்லை. அதையும் எழுதிச் சேர்த்தேன். பிறகு "ஆப்ட் அப்டேட்", "ஆப்ட் இன்ஸ்டால் டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப்". ஒரு நாள் டேட்டா பேக்கில் பெரும்பகுதி இதற்கே போகும். முடிந்து ரீபூட் செய்ததும் எலி உருவம் போட்ட எக்ஸ்எஃப்சிஇ வந்து நின்றது.

லைட்டிஎம் இருந்தும் கருப்பாக நின்றால் காரணம் வேறு. ஆடிக் காற்றில் கரண்ட் போவது அனுமந்தன்பட்டிப் பக்கம் சகஜம். பேட்டரி இல்லாத லேப்டாப்பில் அப்டேட் பாதியில் அறுந்தால் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொடுக்கும். "டிஎஃப் -ஹெச்" 100 சதவீதம் காட்டினால் இடத்தைக் காலி செய்யுங்கள். லாகின் வரிகூட வராவிட்டால், கிரப் மெனுவில் இ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" சேர்த்து எஃப்10 தட்டிப் பாருங்கள். படம் வந்தால் சிக்கல் கிராஃபிக்ஸ் பக்கம். நோமோட்செட் நிரந்தர வைத்தியம் அல்ல. சரியான டிரைவரையோ ஃபர்ம்வேரையோ போட வேண்டும். ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே டெபியன் சேர்த்தது 12-ஆம் பதிப்பில்தான். பழைய மெஷின்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இன்ஸ்டால் செய்யும்போது மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் டெக்ஸ்ட் திரைக்குத் தமிழைக் காட்டத் தெரியாது. உதவி தேவைப்படும் நேரத்தில் பிழைச் செய்தி வெறும் கட்டங்களாக விழும். முதலில் ஆங்கிலத்தில் போட்டு, டெஸ்க்டாப் வந்ததும் தமிழுக்கு மாற்றுங்கள். ஐபஸ்-எம்17என் போட்டால் தமிழ்99 கீபோர்டு கிடைக்கும்.

லிப்ரே ஆஃபீஸில் அசைன்மென்ட் அடிக்க, பிடிஎஃப் படிக்க, புரோகிராமிங் பழக இந்த லேப்டாப் தாராளம். பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் 2 ஜிபி திணறுகிறது. ராம் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். டெபியன் 13 வந்துவிட்டாலும் 12-க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அவளுடைய படிப்பு முடியும்வரை அது போதும்.