கேட்போர் இல்லாத வெயில்

சமீபத்தில் தொடர்ந்து படிக்க நேர்ந்த சில கவிதைகளில் ஒரே லாட்ஜ் அறை, ஒரே மின்விசிறி, ஒரே சித்திரை வெயில். எழுதியவர்கள் பலரும் காந்திபுரத்திலும் பீளமேட்டிலும் இருப்பவர்கள். வெயில் மட்டும் சென்னை வெயில்: பிசுபிசுப்பு, தூங்கவிடாத இரவு. கோவையின் கோடை அதுவல்ல. பகல் காயும், சித்திரை கடந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மாலையில் காற்று நுழையும். உடம்பு ஆறுகிற அந்த நேரத்தில்தான் இங்கே தனியாக இருப்பவனுக்கு மனசு காந்தத் தொடங்குகிறது. வங்கியில் கணக்கு முடித்து வெளியே வருகிற அந்த ஆறு மணியை நான் வருஷக்கணக்காக அறிவேன். இந்தக் கவிதைகளில் அது இல்லை.

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் கொடுத்தது. மாலையை முல்லைக்கு வைத்தது. ஒன்றில் பிரிதல், மற்றதில் இருத்தல். இந்த ஊர்க் கோடையில் இரண்டும் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். காங்கேயம் பக்கம் காய்ந்த கொறங்காட்டைப் பார்த்தவனுக்கு அது வெறும் இலக்கணமாகத் தோன்றாது.

நிலத்தைவிட முக்கியமான ஒன்றும் விட்டுப்போயிருக்கிறது. செய்யுள் உறுப்புகளில் கூற்றை அடுத்துக் கேட்போரையும் தொல்காப்பியம் சேர்த்திருக்கிறது. எத்தனை கொடிய பிரிவானாலும் அகப்பாட்டில் தோழியோ பாணனோ, யாரும் இல்லாவிட்டால் தன் நெஞ்சோ, கேட்டுக்கொண்டிருக்கும். சி. மணியின் ‘நரகம்’ (எழுத்து, 1962) இந்தக் கேட்போர் போய்விட்ட நகரத்தைக் காட்டியது. எலியட்டிடம் கற்றுக்கொண்டதுதான், ஆனாலும் அதிலுள்ள காமமும் அலைச்சலும் பட்டணத்துத் தெருவில் நிஜமாகக் கால் பதித்தவை. இழந்தது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த இழப்பை ஒரு பாணியாக்கிக்கொண்டார்கள். 1971-ல் கோவையில் கிளம்பிய வானம்பாடி நேர் எதிர்ப்பக்கம் போயிற்று. அங்கே கேட்போர் பெருங்கூட்டம். ஒருவன் தன் சொந்த வலியைச் சொல்லக் கூச்சப்படவேண்டிய அளவுக்கு.

இந்த மண்ணிலேயே வேறு வழி இருந்திருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தனிமையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. விதவையான அவள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பனால் அதைக் காதில் விழாததுபோலத் தள்ளிவிட முடியவில்லை. விஷயம் கொலைவரை போகிறது. அவள் ஏக்கத்துக்கு ஓர் எதிராளி உண்டு. லாட்ஜ் கவிதையில் மின்விசிறிதான் உண்டு. அது கேட்பதில்லை, சுற்றுகிறது.

நான் படித்தவற்றில் ஒன்றில் மட்டும், மெஸ்கார அக்காவிடம் இன்னொரு டம்ளர் மோர் கேட்கிற இடம் வருகிறது. அவள் “ஊருக்குப் போகலையா?” என்கிறாள். கவிஞர் பதில் சொல்லாமல் அவசரமாக அறைக்கும் மின்விசிறிக்கும் ஏறிப்போய்விடுகிறார். நான் கீழேயே நின்றுவிட்டேன்.