அயலூர்த் துயரமும் நம்மூர் மௌனமும்: அண்மையில் பார்த்த சில படங்கள்

நம்மவரிடையே திரைப்படம் பற்றி நிகழும் உரையாடல் பெரும்பாலும் இரண்டு சொற்களில் முடிந்துவிடுகின்றது. ஆசிரியர் கூடத்திலாயினும் மாணவர் விடுதியிலாயினும், ‘படம் எப்படி?’ என்று ஒருவர் வினவுவார். ‘நல்ல படம்’ என்றோ ‘சரியான அறுவை’ என்றோ மற்றவர் விடையிறுப்பார். சற்று விரித்துரைக்க முற்படுபவரும் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என ஒவ்வொன்றுக்கும் பரீட்சைத் தாளுக்கு இடுவதுபோலப் புள்ளி இட்டு அமைந்துவிடுவார். சிறுகதையையும் நாவலையும் ஆராயுமிடத்து உருவம், உள்ளடக்கம், வர்க்கச் சார்பு, யதார்த்தம் என்றெல்லாம் அளவுகோல்களைக் கையிலெடுக்கும் நாம், திரைப்படத்தின் முன் மட்டும் அவற்றைக் கீழே வைத்துவிடுகின்றோம். நூலைப் படிப்போரிலும் பன்மடங்கு மக்கள் படம் பார்க்கின்றனர் என்பதை நோக்குமிடத்து, இது பொறுப்பற்ற பழக்கமென்றே கூறவேண்டும்.

அண்மைக் காலத்தில் நாம் பார்த்த நான்கு தமிழ்ப் படங்களைப் பற்றி ஈண்டு நமது கருத்துக்களை முன்வைக்க விரும்புகின்றோம். மாரி செல்வராஜ் நெறிப்படுத்திய ‘பரியேறும் பெருமாள்’ (2018), வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021), ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) ஆகிய மூன்றும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. நான்காவது, தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்திலே எடுத்த ‘பொன்மணி’ (1977). காலத்தாலும் களத்தாலும் வேறுபட்ட இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. எந்தக் கதையும் தன்னைக் காண்பவனுக்கென ஓர் இருக்கையைத் தன்னுள்ளேயே அமைத்து வைத்திருக்கின்றது. யாரோடு சேர்ந்து அவன் துயருறுகின்றான், யாரை வெறுக்கின்றான், படம் முடிந்து எழும்போது எதனைச் சுமந்து வீடு திரும்புகின்றான் என்பனவெல்லாம் அந்த இருக்கையைப் பொறுத்தவையே. இந்நான்கு படங்களும் நமக்கு அமைத்துத் தரும் இருக்கைகள் எவை என்பதே நமது வினா.

‘ஜெய் பீம்’ நம்மவரால் மிக விரும்பிப் பார்க்கப்பட்ட படம். 1993ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே பொலிஸ் காவலில் இடம்பெற்ற ஒரு கொலையையும், கொல்லப்பட்டவரின் மனைவி நீதிக்காக நடத்திய போராட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டது. சிறைச்சாலை வாயிலிலே விடுதலை பெற்று வருவோரின் சாதியைக் கேட்டறிந்து, ஒடுக்கப்பட்ட சாதியினரை மட்டும் ஒதுக்கி நிறுத்தி, வேறு வழக்குகளில் மீண்டும் பிடித்துச் செல்லும் தொடக்கக் காட்சியொன்றே போதும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் வாக்கியம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை அது சில நிமிடங்களிலே காட்டிவிடுகின்றது. முதியோருக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியை ஒருத்தியும், தெருவில் இறங்கும் செங்கொடித் தொழிலாளரும் இப்படத்தில் கேலிக்குரியவராயன்றிக் கதையை முன்செலுத்தும் சக்திகளாய் வருகின்றனர். வணிகப் படங்களில் இத்தகைய காட்சி அரிது. பொலிஸ் வாகனத்தில் ஏற மறுத்துத் தெருவழியே செங்கேணி நடந்து செல்ல, வாகனம் அவள் பின்னே ஊர்ந்து வரும் காட்சியில் ஓர் ஏழைப் பெண்ணின் தன்மானம் நிமிர்ந்து நிற்கின்றது.

இத்துணைச் சிறப்பிருந்தும், படம் நம்மை எங்கே அமர்த்துகின்றது? சட்டத்தரணியின் பக்கத்து நாற்காலியிலே! அவர் கற்றவர், நேர்மையாளர், அஞ்சாதவர். அவரோடு சேர்ந்து நாமும் கோபிக்கின்றோம், அவரோடு சேர்ந்து நாமும் வெல்கின்றோம். கொடுமை புரிவோரோ எவ்விதத்திலும் நம்மைப் போன்றவரல்லர். காவற்கூடத்துச் சித்திரவதை நீண்ட நேரம் காட்டப்படுந்தோறும் அவர்களுக்கும் நமக்குமிடையே உள்ள தூரம் வளர்ந்துகொண்டே போகின்றது. ஈற்றில் தீர்ப்பு வருகின்றது. சட்டத்தரணியைப் போலவே காலின்மேல் காலிட்டு அமர்ந்து பத்திரிகையைக் கையிலெடுக்கும் சிறுமியைக் கண்டு நம் நெஞ்சு நெகிழ்கின்றது. அநீதி எங்கோ நிகழ்ந்தது, அதனை யாரோ வென்றுவிட்டார், நாம் நல்லவர் பக்கம் நின்றோம் என்ற நிறைவோடு உறங்கச் செல்கின்றோம். படத்தின் அரசியல் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அது நம்மிடம் கண்ணீரைக் கேட்கின்றதேயன்றிக் கணக்குக் கேட்பதில்லை.

‘பரியேறும் பெருமாள்’ கணக்குக் கேட்கின்றது. சட்டம் படிக்கத் திருநெல்வேலிக்கு வரும் பரியன் என்னும் ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனுக்கும், உடன்படிக்கும் ஆதிக்கசாதிப் பெண்ணான ஜோவுக்குமிடையே அரும்பும் நட்பே கதை. இப்படத்திலும் கொடியவர் உளர். கூலிக்காகவன்றிக் குலதெய்வத்துக்குச் செய்யும் தொண்டென எண்ணிக் கொலைபுரியும் முதியவர் ஒருவர் வருகின்றார். சாதி என்பது வெறியாக மட்டுமன்றிப் பக்தியாகவும் கடமையாகவும் மனத்தில் குடிகொள்ளும் என்பதற்கு அப்பாத்திரம் சான்று. எனினும், நம்மை உறங்கவிடாத பாத்திரம் அவரல்லர், ஜோவின் தந்தையே.

அவர் தீயவரல்லர். மகளைப் படிக்க வைத்தவர், மென்மையாகப் பேசுபவர். தம் இல்லத் திருமணத்துக்கு வந்த பரியனை உறவினர் அறையொன்றில் அடைத்து அடித்து, அவன்மீது சிறுநீர் கழித்து இழிவுசெய்யும்போது அவர் கண்ணீர் விடுகின்றார். உன்னோடு சேர்த்து என் மகளையும் கொன்றுவிடுவார்கள், விலகிப் போய்விடு என்று அவனிடமே மன்றாடுகின்றார். சாதியை அவர் விரும்பி ஏற்றிருக்க வேண்டுமென்பதில்லை. சாதிசனத்துக்கு அஞ்சுகின்றார், அவ்வளவே. அந்த அச்சத்தின் விலையை மட்டும் பரியன் கொடுக்க வேண்டியிருக்கின்றது. வாசகர்களே, கற்றவர், பண்பாளர், மனத்தளவில் சாதி பாராட்டாதவர், ஆனால் பிள்ளைகளின் கலியாணம் என்று வரும்போது ‘நான் என்ன செய்ய, சனம் என்ன சொல்லும்?’ என்று கேட்பவர்: இத்தகைய ஒருவரை நாம் அறியோமா? படம் நமக்கென ஒதுக்கியிருக்கும் நாற்காலி அவருடையதே.

இறுதிக் காட்சி இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றது. அனைத்தும் நடந்து முடிந்தபின் பரியனும் அத்தந்தையும் எதிரெதிரே நின்று பேசுகின்றனர். தந்தை சற்று இளகுகின்றார். வருங்காலத்தில் எதுவும் நடக்கலாம் என்ற கருத்துப்பட ஏதோ சொல்லி நிறுத்திக்கொள்கின்றார். தீர்ப்பில்லை, வெற்றியில்லை. மேசைமீது இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றினிடையே ஒரு பூவும் கிடக்கப் படம் முடிகின்றது. எனினும் குறைகள் இல்லாமலில்லை. தன் வீட்டார் செய்யும் கொடுமையில் ஒன்றையேனும் இறுதிவரை ஜோ அறியாதிருக்கின்றாள். சாதிக் கட்டுக்கோப்பு முதலில் பெண்ணின் காலிலேயே பூட்டப்படுவது; அதனை அவளே உணராதவளாக வார்த்தது பாத்திரப் படைப்பில் நேர்ந்த பலவீனமாகும்.

‘கூழாங்கல்’ முற்றிலும் வேறுவகைப் படம். றொட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021ஆம் ஆண்டு முதற்பரிசாகிய புலி விருதை வென்றது. கதை என்று சொல்ல அதிகம் இல்லை. கோபித்துத் தாய்வீடு சென்ற மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தந்தை தன் சிறுவனையும் இழுத்துக்கொண்டு போகின்றான், அவள் அங்கில்லை, பேருந்துக்கான பணத்தைச் சிறுவன் கிழித்தெறிய, இருவரும் கொளுத்தும் வெயிலில் வறண்ட நிலத்தினூடே நடந்து திரும்புகின்றனர். தாகத்தைத் தணிக்கச் சிறுவன் வாயிலிட்ட கூழாங்கல்லை வீட்டிலே வைக்கும்போது, அங்கே ஏற்கெனவே பல கற்கள் இருப்பதைக் காண்கின்றோம். இவ்வாறு எத்தனை முறை நடந்திருக்கின்றான் என்பதை ஒரு சொல்லுமின்றி அக்கற்கள் உரைக்கின்றன.

இது வெறும் இயற்பண்புவாதம், வறுமையைப் படம்பிடித்து விழாக்களுக்கு அனுப்பும் வித்தை என்று நம் நண்பர் சிலர் கூறுவர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. உலகத்தால் நசுக்கப்பட்டவன் வீட்டுக்குள்ளே தானே நசுக்குபவனாகும் முறைமையைத் தந்தையின் பாத்திரம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. ஊற்றுக்குழியில் நீர் சுரக்கும்வரை குடங்களோடு காத்திருந்து, சிறுகச் சிறுக முகந்தெடுக்கும் பெண்களின் காட்சி, அந்த ஆணின் சினத்துக்கும் வெயிலுக்கும் ஒருசேர விலை கொடுப்பவர் யார் என்பதைச் சொல்லிவிடுகின்றது. நம் மனத்தில் எஞ்சும் குறை வேறொன்று. வறட்சி இருக்கின்றது; நிலம் யாருடையது, நீர் எங்கே போயிற்று என்னும் வினா எழுவதில்லை. ஆதலின் அம்மக்களின் துன்பம் ஞாயிற்றின் குற்றமென மயங்கவும் இடமுண்டு. எவ்வாறாயினும், இங்கே நமக்கு நாற்காலியே இல்லை. சிறுவனுக்குப் பின்னால் நாமும் நடந்தேயாக வேண்டும்.

பரியனின் கதை முடியும் அந்தத் தேநீர்க் குவளைகளுக்கு மீள்வோம். யாழ்ப்பாணத்தவரைப் பொறுத்தவரை தேநீர்க் குவளை என்பது அயலூர்க் குறியீடன்று. இங்குள்ள தேநீர்க் கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தகரப்பேணியிலும் போத்தலிலும் தேநீர் வழங்கப்பட்ட காலம் மூத்த தலைமுறையினரின் நினைவில் இன்னும் உள்ளது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் அவ்வழக்கம் ஒழியவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து சங்கானை, நெல்லியடி முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமுமே கதவுகளைத் திறந்தன. உயிர்கள் பலியாயின. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இந்தக் குருதி காயுமுன் எழுதப்பட்ட நாவல்.

அந்த மண்ணிலேதான் ‘பொன்மணி’ உருவாயிற்று. சிங்களவரான பத்திராஜா அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தவர். காவலூர் இராசதுரை கதைவசனம் எழுதினார். சீதனத்துக்கு வழியின்றி மூத்தவள் கன்னியாகவே காலங்கழிக்கும் ஒரு வேளாளக் குடும்பத்தின் இளைய மகள், தாழ்த்தப்பட்டதெனக் கருதப்படும் சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்பி வீட்டைவிட்டுச் செல்கின்றாள். அதற்காக அவள் உயிர் பறிக்கப்படுகின்றது. ஜோவைப் போல எதுவும் அறியாதவளல்லள் பொன்மணி. அறிந்தே அடியெடுத்து வைக்கின்றாள். நீண்ட மௌனங்களும் வீட்டு முற்றங்களும் அடைபட்ட முகங்களும் கொண்ட இப்படத்தில் கொடியவன் என்று விரல்நீட்டிக் காட்ட ஒருவனுமில்லை. மரியாதை என்னும் பெயரில் ஒரு சமூகம் முழுவதும் அவளைச் சூழ்ந்து நிற்கின்றது. படம் வசூலில் தோல்வியுற்றது. தென்னிந்தியப் படங்களின் வேகத்துக்குப் பழகிய கண்களுக்கு அதன் மெதுவான நடை சலிப்பூட்டியிருக்கலாம். எனினும், தன் வீட்டுக் கூடத்தையே திரையில் காண நேர்ந்தவர்களின் கூச்சத்துக்கும் அத்தோல்வியில் பங்குண்டு என்றே நாம் கருதுகின்றோம்.

இதெல்லாம் பழங்கதை, போருக்குப்பின் சாதி எங்கே இருக்கின்றது என்று கேட்பாருளர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவை விளம்பரங்களை ஒருமுறை படிப்பார்களாக. பரியேறும் பெருமாள் வெளிவந்த அதே 2018ஆம் ஆண்டிலே, தென்மராட்சிப் பகுதிக் கோயிலொன்றில் தேரை இழுக்க மனிதர் கைகளுக்குப் பதிலாக மண்ணகழும் இயந்திரம் பயன்பட்ட செய்தி படத்தோடு வெளிவந்தது. ஒடுக்கப்பட்டோர் வடந்தொடுவதைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. திருநெல்வேலிப் பரியனுக்காகவும் செங்கேணிக்காகவும் கண்கலங்கிய நம்மவருள் எத்தனை பேர் அதைப்பற்றிப் பாடசாலையிலே வாய்திறந்தனர்? எத்தனை ஆசிரியர் அதனை மாணவரோடு விவாதித்தனர்?

இங்கேதான் நல்ல படங்களும்கூட ஓர் ஆபத்தாக மாறக்கூடும். கடல்கடந்த துயருக்கு இரங்குவதற்கு நாம் எதையும் இழக்கவேண்டியதில்லை. அயலவன் உறவை இழக்கவேண்டாம், கோயிற்சபையைப் பகைக்கவேண்டாம், பிள்ளையின் சம்பந்தம் தடைப்படுமோ என அஞ்சவேண்டாம். அவ்விரக்கமே நம் மனச்சாட்சிக்கு நாம் காட்டும் பற்றுச்சீட்டாகிவிடின், எத்துணைச் சிறந்த படமும் இருக்கின்ற அமைப்புக்கே துணைபோகும். குற்றம் அப்படங்களைச் சாராது. அவற்றை நாம் பார்க்கும் முறையைச் சாரும்.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. பாடசாலை மன்றங்களிலும் மாணவர் வட்டங்களிலும் படங்களைக் கூட்டாகப் பார்ப்போம், பார்த்தபின் ‘எப்படி?’ என்று மட்டும் கேளாது, இக்கதையில் நம்மூர்க்காரர் யார், நமக்குரிய இடம் எது என்றும் கேட்போம். ‘ஜெய் பீ’மைக் காட்டும் மன்றம் ‘பொன்மணி’யையும் காட்டட்டும், பரியனின் பேராசிரியர் அவனது ஆங்கிலத்தை எள்ளும் காட்சி வரும்போது, நம் வகுப்பறையின் பின்வாங்கில் இருத்தப்படும் பிள்ளைகள் எவரென்று ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப்பார்ப்போம். அத்தகைய விவாதத்தில் சிலர் முகஞ்சுளிப்பர், சிலர் எழுந்து போவர். போகட்டும். எஞ்சியிருந்து பேசுவோர் பத்துப் பேராயினும், ஜோவின் தந்தை சொல்லாது விழுங்கிய வார்த்தையை அவர்களில் ஒருவரேனும் தம் வீட்டிலே சொல்லத் துணிவார்.