எந்தப் பௌர்ணமி?

வேதம் பௌர்ணமியைப் பெண் தெய்வமாகக் கண்டது. அதுவும் ஒருத்தியாக அல்ல, இருவராக. கலை ஒன்று குறைந்த நிலவுக்கு உரியவள் அனுமதி. நிறைந்த நிலவுக்கு உரியவள் ராகா. பௌர்ணமி இரண்டு நாட்களில் பரவி நின்றால் உபவாசம் எந்த நாளில் என்ற வழக்கு ஐதரேய பிராமணத்திலேயே பதிவாகியிருக்கிறது. முதல் நாள் என்பது பைங்கியர் கட்சி; மறுநாள் என்பது கௌஷீதகியர் கட்சி. ஆகவே, “பௌர்ணமி இன்றைக்கா, நாளைக்கா?” என்று மாதம் தவறாமல் கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கிற அன்பர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பெரியவர்கள் கேட்ட கேள்விதான்.

சிக்கலின் வேர் திதியின் இலக்கணத்தில் இருக்கிறது. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி கழியும். 168 பாகையில் தொடங்கி 180இல் முடிவது பௌர்ணமி. சந்திரன் ஒரே வேகத்தில் நடப்பவன் அல்லன் என்பதால் இந்தப் பொழுது சில மாதங்களில் சுமார் 20 மணி நேரமாகவும், சில மாதங்களில் 26 மணி நேரத்துக்கு மேலாகவும் அமையும். தொடங்குவது நடுப்பகலிலும் இருக்கலாம், நள்ளிரவிலும் இருக்கலாம். எனவே எந்தக் காரியத்துக்கு எந்த வேளையில் திதி நிற்க வேண்டும் என்று சாத்திரக்காரர்கள் வகுத்தார்கள். நீராடலுக்கும் தானத்துக்கும் உதயத்தில். நிலவைக் கண்டு செய்யும் வழிபாட்டுக்கு இரவில். சத்யநாராயண பூஜை செய்கிறவர் மாலைப் பொழுதைப் பார்ப்பார். இரண்டு வீட்டில் இரண்டு நாள் என்றால் ஒரு வீட்டில் தவறு என்று பொருளில்லை.

தமிழ் மரபுக்கு வருவோம். இங்கே திதியைவிட நட்சத்திரத்துக்கே மதிப்பு அதிகம். சித்திரை, வைகாசி, கார்த்திகை, மாசி, பங்குனி என்ற மாதப் பெயர்களே முழுநிலவை ஒட்டிய சித்திரை, விசாகம், கார்த்திகை, மகம், உத்திரம் ஆகியவற்றிலிருந்து பிறந்தவை. ஞானசம்பந்தர் மயிலையில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகத்தில் கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்கள் வரிசையாக வருகின்றன. அத்தனையும் முழுநிலவை ஒட்டிய நாட்கள். ஐப்பசி ஓணமும் அட்டமி நாளும்தான் அந்த வரிசையில் விலகி நிற்கின்றன.

ஆனால் சந்திரன் ஒரு நட்சத்திரத்துக்குத் திரும்பி வர 27.3 நாட்களும், மறுபடி முழுநிலவாக 29.5 நாட்களும் ஆகின்றன. இரண்டும் எப்படி எப்போதும் ஒட்டி வரும்? திருவண்ணாமலையையே பாருங்கள். மலையில் மகாதீபம் ஏற்றுவது கார்த்திகை நட்சத்திரத்தைக் கொண்டு. மாதந்தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குக் கோயில் அறிவிப்பது பௌர்ணமித் திதியின் நேரத்தை. அதே கார்த்திகையில் பஞ்சாங்கம் சர்வாலய தீபம், பாஞ்சராத்திர தீபம் என்று தனித்தனியே போடும். சிவன் கோயிலில் சொக்கப்பனை கொளுத்திய மறுநாள் பெருமாள் கோயிலில் கொளுத்தும் ஊர்கள் உண்டு. சிறுவர்களுக்கு அதில் புகார் ஏதும் இருந்ததில்லை.

சைவ ஆகம வழியில் பௌர்ணமிதோறும் ஒரு பொருள் சிவனுக்குச் சிறப்பு. ஆனியில் முக்கனி, மாசியில் நெய்யில் தோய்த்த கம்பளம், பங்குனியில் தயிர் என்று போகும் அந்தப் பட்டியலில் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது ஐப்பசி அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சுமார் 13 அடி உயர லிங்கத்தைச் சோற்றால் மூடுவதைக் கண்டவர்கள் அந்த வெண்மையை மறப்பதில்லை. பிறகு அது பிரசாதமாகும். ஒரு பங்கு நீர்நிலைக்குப் போகும், மீனும் உண்ணட்டும் என்று. வயல் சூழ்ந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பௌர்ணமி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சித்திரைப் பௌர்ணமி வேறு குணம் கொண்டது. மதுரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். காஞ்சியில் சித்திரகுப்தர் கணக்கேட்டோடு பூஜை பெறுகிறார். தமிழக–கேரள எல்லை மலையில் கண்ணகி கோயில் அந்த ஒரு நாள் திறக்கிறது. இலங்கைச் சைவர்களுக்கு அது தாயை இழந்தவர்களின் விரதநாள். தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி என்ற பங்கீடு எவ்வளவு அழகு!

சாக்தர்களுக்கோ பௌர்ணமி, லலிதா சகஸ்ரநாமப் பாராயணத்துக்கும் நவாவரண பூஜைக்கும் உரிய இரவு. நிலவின் வட்டத்தில் தேவியைத் தியானிக்கச் சொல்கிறது சகஸ்ரநாமத்தின் பலசுருதி. திருக்கடையூரில் மட்டும் அவள் தை அமாவாசையிலேயே முழுநிலவைக் காட்டிவிட்டாள். அது அபிராமி பட்டருக்குக் கிடைத்த தனிச் சலுகை.

அளவுகோல்கள் மோதும் நாள் என்றால் அது ஆவணி அவிட்டம். யஜுர்வேதிகள் பௌர்ணமியைப் பிடிப்பார்கள். ருக்வேதிகளுக்குத் திருவோணம் வேண்டும். சாமவேதிகள் விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய ஹஸ்தம் வரை காத்திருப்பார்கள். ஒரே தெருவில் மூன்று நாள் பூணூல் மாற்றுவதுண்டு. பௌர்ணமியன்று கிரகணமும் சேர்ந்துவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா என்று வாதம் எழும். அந்த ஆண்டு வீட்டுப் பெரியவரிடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

வடக்கே பல பகுதிகளில் பௌர்ணமியோடு மாதமே முடிகிறது. ஆஷாடப் பௌர்ணமியில் வியாச பூஜை செய்து துறவிகள் சாதுர்மாஸ்யம் தொடங்குகிறார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசியாக, பஞ்சாங்கம். நம் கோயில்கள் பலவற்றில் வாக்கியம். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் அதன் அடிப்படை. வானில் காண்பதோடு கணக்கு ஒத்துவர வேண்டும் என்பது திருக்கணிதம்; சென்னை வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி 19ஆம் நூற்றாண்டில் அதற்காக வாதாடினார். இரண்டுக்கும் இடையே சில மணி நேர வேற்றுமை வரும் மாதங்களில்தான் தொலைபேசி ஓயாது ஒலிக்கிறது. என் கட்சி எளிது: வானம் பார்க்கத் திருக்கணிதம், கோயிலுக்குப் போக அந்தக் கோயிலின் பஞ்சாங்கம். விழாப் பத்திரிகை அச்சிடும் அன்பர்கள் நேரத்துக்குக் கீழே “வாக்கியப்படி” அல்லது “திருக்கணிதப்படி” என்று ஒரு சொல் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.